பெட்டியாக வாங்காதீர்கள்: வீட்டுச் சைக்கிளுக்குக் கருவி சேர்ப்பது எப்படி

பினாங்கின் பாயான் பாருவில் அடுக்குமாடியில் குடியிருக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார்: "அண்ணே, வீட்டில் மூன்று சைக்கிள். எனக்கு எட்டு கியர் உள்ள அலுமினிய ஹைபிரிட், ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக். மனைவிக்கு மடக்கு சைக்கிள். மகளுக்கு 16 இன்ச் சின்ன சைக்கிள். சின்னச் சின்ன வேலைக்கெல்லாம் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓட முடியவில்லை. 300 வெள்ளி வரை செலவு செய்யலாம். இணையத்தில் 44 கருவிகள் அடங்கிய பெட்டி ஒன்று அந்த விலைக்குள் கிடைக்கிறது. வாங்கிவிடட்டுமா?"

வேண்டாம் என்பதுதான் என் பதில். காரணத்தைச் சொல்கிறேன், அப்புறம் அதே 300 வெள்ளியில் எதை எந்த வரிசையில் வாங்கலாம் என்று பார்ப்போம்.

அந்த மாதிரிப் பெட்டிகளில் இருப்பவற்றில் ஒரு பங்கு உங்கள் சைக்கிளில் இல்லாத பாகங்களுக்கானவை. சதுர அச்சிலிருந்து கிராங்கை (பெடல் மாட்டியிருக்கும் கை) இழுத்தெடுக்கும் கருவி ஒன்று இருக்கும். உங்கள் கிராங்க் வேறு மாதிரி என்றால் அது பெட்டியை விட்டு வெளியே வரவே வராது. பழைய மாடல் ஹெட்செட்டுக்கான (ஹேண்டில் திரும்பும் கழுத்து பேரிங்) பெரிய ஸ்பேனர் இருக்கும். இன்றைக்கு வரும் பெரும்பாலான சைக்கிள்களில் அந்த வேலையை இரண்டு அலன் கீ (அறுகோண முனைச் சாவி) முடித்துவிடும். இப்படி எண்ணிக்கையைக் கூட்டிவிட்டு, நீங்கள் வாரா வாரம் கையில் எடுக்கப்போகும் அலன் கீயையும் ஸ்க்ரூ டிரைவரையும் மட்டமான இரும்பில் செய்து போட்டிருப்பார்கள். விலையை வேறு எங்கே குறைக்க முடியும்?

அதனால் கடைக்குப் போவதற்கு முன்னால் ஒரு மாலை நேரத்தைச் சைக்கிள்களோடு செலவழியுங்கள். ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: டியூப் வால்வு மோட்டார் சைக்கிளில் இருப்பது போல் தடித்ததா, இல்லை மெல்லிய பிரெஸ்டாவா? சக்கரம் நட்டு போட்டு முறுக்கியதா, கையால் திறக்கும் லீவரா? டிஸ்க் தட்டில் ஆறு போல்ட் தெரிகிறதா, நடுவில் ஒரே வளையமா? பெடலை ஸ்பேனர் போட்டுக் கழற்றுவதா, பின்பக்கம் அலன் குழி இருக்கிறதா? டயரின் பக்கத்தில் அச்சிட்ட எண்களையும் குறித்துக்கொள்ளுங்கள். மகளின் சைக்கிளும் மனைவியின் மடக்கு சைக்கிளும் இரண்டுமே 16 இன்ச் என்றாலும் டயர் மாறிப் பொருந்தும் என்று நினைத்துவிட வேண்டாம். சின்னப் பிள்ளைகள் சைக்கிளில் வழக்கமாக 305 என்று முடியும். பிராம்டன் போன்ற மடக்கு சைக்கிள்களில் 349. அந்தக் கடைசி எண்தான் உண்மையான அளவு, மில்லிமீட்டரில்.

பின் சக்கரப் பல்சக்கரத்தையும் பாருங்கள். ஃப்ரீவீலா, கேசட்டா என்று கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. சக்கரத்தைக் கழற்றி, பற்களைப் பின்பக்கமாகச் சுற்றுங்கள். நடுவில் கருவி உட்காரும் வளையமும் பற்களோடு சேர்ந்து சுற்றினால் கேசட். பற்கள் மட்டும் சுற்றி நடுவளையம் அசையாமல் நின்றால் ஃப்ரீவீல். இரண்டுக்கும் கருவி வேறு. எட்டு கியர் சைக்கிள்களில் இரண்டு வகையும் வருகிறது, ஆகவே பார்க்காமல் வாங்கினால் பாதி வாய்ப்பு வீண்.

முதல் பணம் அலன் கீக்குப் போகட்டும். சைக்கிளில் நீங்கள் தொடும் போல்ட்களில் பெரும்பாலானவை 4, 5, 6 மில்லிமீட்டர். சின்னச் சரிசெய்தல்களுக்கு 2, 2.5, 3 வேண்டும், சில பெடலுக்கும் கிராங்குக்கும் 8 வேண்டும். இந்த அளவுகள் எல்லாம் உள்ள, எல் வடிவ நீளக் கைப்பிடி செட் ஒன்று போதும். பாண்டஸ், வேரா, பிபி சுவிஸ் ஆகியவற்றின் கீகள் பல வருடம் உழைக்கும். தைவானிலிருந்து வரும் சூப்பர் பி, ஐஸ்டூல்ஸ் ஆகியவையும் வீட்டு வேலைக்குத் தாராளமாகப் போதும். பெயரை விட முனையைப் பாருங்கள். நல்ல கீயின் ஆறு முனைகளும் கூர்மையாக வெட்டியிருக்கும், போல்ட்டின் குழிக்குள் விட்டால் ஆடாது. மட்டமான கீயின் முனை ஏற்கெனவே கொஞ்சம் உருண்டிருக்கும். அதைப் போட்டு இறுக்கமான போல்ட்டைத் திருப்பினால் கீ தேய்வதோடு நிற்காது, போல்ட்டின் குழியையும் வட்டமாக்கிவிடும். அப்புறம் அந்த போல்ட்டைத் துளையிட்டுத்தான் எடுக்க வேண்டும். பத்து வெள்ளி மிச்சம் பிடிக்கப் போய் ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் ஸ்டெம்மையே மாற்றும் நிலைமை.

ஒரு முனை உருண்டையாக இருக்கும் கீ வாங்கினால், அந்த உருண்டை முனை சாய்வாகவும் எட்டாத இடத்திலும் வேகமாகச் சுற்றுவதற்கு மட்டுமே. கடைசி இறுக்கத்துக்கும் முதல் தளர்த்தலுக்கும் மறுமுனையைப் போடுங்கள். குழிக்குள் மண்ணோ துருவோ இருந்தால் முதலில் ஊசியால் சுரண்டி எடுத்துவிட்டு, கீயை அடிவரை இறக்கிய பிறகுதான் திருப்ப வேண்டும். இந்த ஒரு பழக்கம் நிறைய போல்ட்களைக் காப்பாற்றும். டிஸ்க் தட்டு ஆறு போல்ட் என்றால் நட்சத்திர வடிவ டி25 கீ ஒன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது ஸ்க்ரூ டிரைவர். இதைப் பற்றிக் கடைகளில் யாரும் சொல்வதில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கியர் மாற்றியில் சின்னதாக இரண்டு திருகு இருக்கும். செயின் எந்தப் பக்கமும் எல்லை தாண்டி விழாமல் தடுப்பவை அவைதான். பார்க்கச் சாதாரணக் கூட்டல் குறித் தலை. ஆனால் ஷிமானோ பாகங்களில் இருப்பது ஜப்பான் அளவுக் குறி, ஜேஐஎஸ் என்பார்கள். நம் வீட்டில் கிடக்கும் பிலிப்ஸ் டிரைவரின் முனை அந்தப் பள்ளத்தில் முழுசாக இறங்காது. இறுக்கமான திருகில் அழுத்தித் திருப்பும்போது முனை மெல்ல மேலே ஏறி வழுக்கும், ஒவ்வொரு தடவையும் பள்ளத்தின் ஓரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவிவிடும். வெசல், ஹோசான் போன்ற ஜப்பான் தயாரிப்பில் இரண்டாம் எண் டிரைவர் ஒன்று வாங்குங்கள். ஹோண்டா, யமஹா கப்சாய் மோட்டார் சைக்கிள் வீட்டில் இருந்தால் அதன் திருகுகளுக்கும் அதே டிரைவர் கச்சிதமாக உட்காரும். ஒரு செலவில் இரண்டு வண்டிக்கும் ஆச்சு.

பம்ப்பில் கஞ்சம் பார்க்காதீர்கள். தரையில் வைத்துக் காலால் மிதித்துக்கொண்டு அடிக்கும் வகை, அளவுமானி உள்ளது, இரண்டு வால்வுக்கும் பொருந்தும் தலை உள்ளது. எவ்வளவு காற்று என்பது டயரின் பக்கத்திலேயே அச்சிட்டிருக்கும். கையால் அமுக்கிப் பார்த்துச் சொல்வது நம்பகமில்லை, தடித்த டயர் காற்றுக் குறைந்தாலும் கல்லு மாதிரிதான் இருக்கும். பிரெஸ்டா வால்வு என்றால் பித்தளையில் ஒரு சின்ன அடாப்டர் விற்கிறார்கள், விலை அற்பம். அதை மாட்டிக்கொண்டால் எந்த மோட்டார் பட்டறையிலும், பெட்ரோல் நிலையத்திலும் காற்றுப் பிடிக்கலாம். சைக்கிள் பையில் எப்போதும் ஒன்று கிடக்கட்டும். தெலுக் பஹாங்கிலிருந்து தித்தி கெராவாங் மேடு ஏறி பாலேக் பூலாவ் இறங்கும் வழியில் சைக்கிள் கடையைத் தேடினால் கிடைக்காது.

பஞ்சருக்கு பிளாஸ்டிக் டயர் லீவர் இரண்டு, ஒட்டுப்பட்டை, ரப்பர் சொல்யூஷன், மணல்தாள், மாற்று டியூப் ஒன்று. இரும்பு லீவர் வேண்டாம், ரிம்மைக் கீறும், டியூபையும் கிள்ளும். ஒட்டும் முறையில்தான் ஆட்கள் அவசரப்படுகிறார்கள். ஓட்டையைச் சுற்றி டியூபின் பளபளப்பு போகும்வரை தேய்க்க வேண்டும். அச்சு வார்த்த கோடு ஓடினால் அதையும் சமமாக்க வேண்டும். சொல்யூஷனைப் பட்டையை விட அகலமாக, மெல்லிசாகப் பூசிவிட்டுக் காத்திருங்கள். ஈரப் பளபளப்பு போய் மங்கலானதும்தான் பட்டையை வைத்து அழுத்த வேண்டும். ஈரத்தோடு வைத்த பட்டை மறுநாளே தூக்கிக்கொள்ளும். டியூபை உள்ளே போடுவதற்கு முன் டயரின் உட்புறத்தைத் துணியால் ஒரு சுற்றுத் தடவுங்கள். கண்ணாடிச் சில்லோ, லாரி டயரிலிருந்து உதிர்ந்த கம்பித் துணுக்கோ இருந்தால் துணியில் மாட்டும். விரலால் தடவினால் விரலில் ஏறும்.

இனி செயின். என்னைக் கேட்டால் வீட்டுக் கருவிகளில் போட்ட பணத்தைச் சீக்கிரம் திருப்பித் தருவது செயின் அளக்கும் தகடுதான். செயின் நீள்கிறது என்று சொல்வார்கள். உண்மையில் இரும்பு இழுபடுவதில்லை, ஒவ்வொரு இணைப்பிலும் ஊசி தேய்ந்து இடைவெளி கூடுகிறது. அப்படித் தேய்ந்த செயின் பற்களின் மேல் சரியாக உட்காராமல் அவற்றையும் அராவித் தள்ளும். காலத்தில் செயினை மட்டும் மாற்றினால் கேசட் பிழைக்கும். விட்டுவிட்டால் புதுச் செயின் போட்ட அன்றே தேய்ந்த பல்லில் வழுக்கும், கேசட்டையும் மாற்றியாக வேண்டும்.

தகடு வாங்கும்வரை 12 இன்ச் இரும்பு ஸ்கேலே போதும். செயினைச் சற்று இழுத்துப் பிடித்து, ஒரு ஊசியின் நடுவில் ஸ்கேலின் பூஜ்யத்தை வையுங்கள். புதுச் செயினில் 12 இன்ச் கோட்டில் இன்னொரு ஊசியின் நடு சரியாக வரும். அது ஒன்றரை மில்லிமீட்டர் தள்ளிப் போயிருந்தால் அரை சதவீதத் தேய்மானம். 11, 12 கியர் செயினுக்கு அதுவே மாற்றும் நேரம். உங்களுடைய எட்டு கியருக்கு முக்கால் சதவீதம் வரை போகலாம், அதாவது இரண்டு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. மூன்று மில்லிமீட்டரைத் தொட்டுவிட்டால் கேசட்டுக்கும் சேர்த்துப் பணம் எடுத்து வையுங்கள்.

செயினை மாற்ற, ஊசியைத் தள்ளும் செயின் கட்டர் ஒன்றும், செயினின் இரு முனையையும் சேர்க்கும் விரைவு இணைப்பைத் திறக்கும் பிளையர் ஒன்றும் தேவை. கட்டரின் முனை ஊசியைத் தனியாக மாற்றிக்கொள்ளும்படி உள்ளதாகப் பாருங்கள், பெட்டியோடு வருபவற்றில் முதலில் வளைவது அதுதான். விரைவு இணைப்பும் கியர் எண்ணிக்கைக்குத் தகுந்தபடி வாங்க வேண்டும். எட்டு கியருக்கானது பத்து கியர் செயினில் ஒத்துவராது.

பினாங்கில் இருப்பதால் எண்ணெயையும் கிரீஸையும் கருவிக்குச் சமமாகவே வைக்கிறேன். குவீன்ஸ்பேயிலிருந்து பத்து மாவுங் பக்கம் கடலோரமாக ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும், உப்புக் காற்று போல்ட் தலையில் எவ்வளவு சீக்கிரம் வேலையைக் காட்டும் என்று. செப்டம்பர், அக்டோபர் மழை வேறு. செயினுக்கு சைக்கிள் செயின் எண்ணெயே வாங்குங்கள். டபிள்யூடி-40 என்ற நீல டப்பா ஈரத்தை விரட்டவும் துருப்பிடித்ததைத் தளர்த்தவும் வந்த பொருள். அதையே செயினுக்கு எண்ணெயாகப் போட்டால் ஒரு மழைக்கு நிற்காது. ஒவ்வொரு உருளைக்கும் ஒரு சொட்டு, பெடலைப் பின்னால் சுற்றி உள்ளே இறங்கவிட்டு, வெளியே இருப்பதைத் துணியால் நன்றாகத் துடைத்துவிடுங்கள். வெளியில் பளபளக்கும் எண்ணெய் மணலைப் பிடித்து வைத்துக்கொள்வதைத் தவிர வேறு எதற்கும் உதவாது. இந்த வேலையில் ஸ்ப்ரே டப்பாவைக் கையில் எடுக்காதீர்கள். டிஸ்க் தட்டில் ஒரு துளி பறந்து பட்டாலும் பிரேக் கத்தும், பிடிக்காது, பேட் எண்ணெயைக் குடித்துவிட்டால் பெரும்பாலும் புதிது போட வேண்டியதுதான். தட்டைத் துடைக்க ஐசோபுரோபைல் ஆல்கஹால், சுத்தமான துணி.

கிரீஸ் ஒரு டியூப் வாங்கினால் வருடக்கணக்கில் வரும். சீட் போஸ்ட்டை வருடத்துக்கு ஒரு தடவையாவது வெளியே இழுத்துத் துடைத்து, மெல்லிசாகக் கிரீஸ் பூசி இறக்குங்கள். இரும்பு ஃபிரேமுக்குள் அலுமினிய போஸ்ட், நடுவில் உப்பு ஈரம் என்றால் இரண்டும் ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும், அப்புறம் அதை எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். மடக்கு சைக்கிள் இரும்பு ஃபிரேம் என்றால் அதை முதலில் பாருங்கள். கார்பன் போஸ்ட்டுக்கு மட்டும் கிரீஸ் கூடாது, அதற்கென்று மணல் கலந்த பசை தனியாக உண்டு.

பெடல் மரைக்கும் கிரீஸ் வேண்டும். பெடலுக்கு 15 மில்லிமீட்டர் ஸ்பேனர், அல்லது பின்பக்கம் குழி இருந்தால் 6 அல்லது 8 அலன் கீ. மகளின் சைக்கிளில் சக்கர நட்டும் பெரும்பாலும் 15தான், ஆகவே நல்ல 15 ஸ்பேனர் ஒன்று இரண்டு வேலை பார்க்கும். வாங்கும் முன் அளந்து பாருங்கள். பெடல் ஸ்பேனர் மெல்லிசாக இருக்கும், சாதாரண ஸ்பேனர் சில பெடல்களின் இடுக்கில் நுழையாது. இடது பெடல் மரை தலைகீழ் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். வலமா இடமா என்று குழம்பாமலிருக்க ஒரு வழி: ஸ்பேனரின் பிடி மேலே நிற்கும்படி மாட்டி, சைக்கிளின் பின்பக்கம் நோக்கித் தள்ளினால் இரண்டு பெடலும் கழலும். முன்பக்கம் தள்ளினால் இரண்டும் இறுகும்.

இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வேண்டுமா என்பது சைக்கிளைப் பொறுத்தது. கார்பன் ஹேண்டில்பாரோ சீட் போஸ்ட்டோ இருந்தால் கட்டாயம் வேண்டும், அதிகமாக இறுக்கினால் வெளியே தெரியாமல் உள்ளே விரிசல் விடும். உங்களுடையது அலுமினியம் என்பதால் முதல் செலவில் சேர்க்க வேண்டாம், கை பழகிய பிறகு வாங்கலாம். ஸ்டெம் போல்ட்டின் பக்கத்திலேயே பெரும்பாலும் 5 நியூட்டன் மீட்டர் என்பது போல எழுதியிருக்கும். அதுதான் மேல் எல்லை. குட்டையான கையுள்ள கீயைப் பிடித்து இரண்டு விரலால் இறுக்குவது ஏறக்குறைய அந்த அளவுதான். பெடலும் கேசட் வளையமும் வேறு கணக்கு. கேசட் வளையத்துக்கு 40 நியூட்டன் மீட்டர், அங்கே முழுக்கை பலம் வேண்டும். வாங்கும்போது 2 முதல் 20 வரை உள்ள சின்ன ரெஞ்ச்சாக வாங்குங்கள், கார் சக்கரத்துக்கு வைத்திருக்கும் பெரியது இந்தச் சின்ன எண்களைச் சரியாகக் காட்டாது. வேலை முடிந்ததும் அளவைக் கீழே இறக்கி வைத்துவிடுங்கள், உள்ளிருக்கும் சுருள் தளராமல் இருக்கும்.

கேபிள் கட்டர் இரண்டாவது சுற்றுக்கு. சாதாரணப் பிளையரால் வெட்டினால் கம்பி இழைகள் நசுங்கிப் பிரிந்து, உறைக்குள் நுழைய மறுக்கும். கேபிள் மாற்றத் தொடங்கும்போது வாங்கினால் போதும். கியர் கேபிளின் உறையும் பிரேக் கேபிளின் உறையும் உள்ளே வேறு வேறு அமைப்பு, ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைப் போடக் கூடாது. பிரேக்கில் இது உயிர் விஷயம்.

ஸ்டாண்ட் பற்றிக் கேட்கவில்லை, ஆனால் அடுக்குமாடியில் கேள்வி வரும். பின் சக்கரத்தை மட்டும் தூக்கிப் பிடிக்கும் மடக்கு ஸ்டாண்ட் மலிவு, வராந்தாவில் வைத்துவிட்டு வேலை முடிந்ததும் கதவுக்குப் பின்னால் சாய்த்துவிடலாம். பெடலைச் சுற்றிக் கியர் பார்க்க அது போதும். ஹைட்ராலிக் பிரேக் உள்ள சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து வேலை பார்க்காதீர்கள், எண்ணெய்க் கிண்ணத்தில் உள்ள காற்று குழாய்க்குள் ஏறிவிடலாம். சக்கரத்தைக் கழற்றியிருக்கும்போது பிரேக் பிடியை அமுக்கவும் கூடாது. புதுச் சைக்கிளோடு பேட்களுக்கு நடுவே செருகி வரும் பிளாஸ்டிக் துண்டைத் தூக்கிப் போடாமல் கருவிப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

பிரேக் எண்ணெய் மாற்றுவது, கிராங்க் அச்சு சுழலும் அடிப்பக்க பேரிங், ஸ்போக் நேராக்குவது மூன்றையும் இப்போதைக்குச் சைக்கிள் கடைத் தவுக்கேயிடமே விடுங்கள். வருடத்துக்கு ஒரு தடவை வரும் வேலைக்காகத் தனிக் கருவி வாங்கி வைப்பது பணத்துக்குக் கேடு. பிரேக் எண்ணெயில் ஷிமானோ மினரல் ஆயில் வேறு, டாட் எண்ணெய் வேறு. மாற்றி ஊற்றினால் உள்ளிருக்கும் ரப்பர் கெட்டு பிரேக்கே போய்விடும். அடிப்பக்க பேரிங்கில் பல சைக்கிள்களில் வலது பக்க மரை தலைகீழ், தெரியாமல் பலம் போட்டு ஃபிரேம் மரையை நாசமாக்கியவர்கள் உண்டு.

ஆக இந்த மாதம் அலன் கீ, பம்ப், ஜேஐஎஸ் டிரைவர், பஞ்சர் சாமான், செயின் எண்ணெய், கிரீஸ். அலன் கீக்கும் பம்ப்புக்குமே பாதிப் பணம் போனால் சரிதான் என்று விட்டுவிடுங்கள். மீதியில் 15 ஸ்பேனரும் செயின் அளக்கும் தகடும். செயின் கட்டரும் பிளையரும் செயின் மாற்றும் நாள் வரும்போது.

ஸ்பேனர் வகைகளுக்கு முழு விலை கொடுக்க வேண்டியதில்லை. காலையில் லோரோங் கூலிட் பழைய பொருள் சந்தைக்கு ஒரு நடை போய் வாருங்கள். பழைய ஜப்பான், ஜெர்மன் ஸ்பேனர்கள் துருவோடு தரையில் பரப்பிக் கிடக்கும். மேல்துரு பிரச்சினை இல்லை, எண்ணெயும் கம்பித் தூரிகையும் போதும். வாய்ப் பகுதியைப் பாருங்கள். இரண்டு தாடையும் இணையாக நிற்க வேண்டும், முனை அகன்றிருக்கக் கூடாது. பையில் 15 மில்லிமீட்டர் நட்டு ஒன்றைப் போட்டுக்கொண்டு போய் அங்கேயே மாட்டிப் பார்த்து, ஆட்டம் இல்லாததை எடுங்கள். அலன் கீயையும் ஸ்க்ரூ டிரைவரையும் மட்டும் அங்கே வாங்காதீர்கள். பழசில் முனை தேய்ந்துதான் இருக்கும்.